இன்னும் ஒரு தடவை கலக்கணும்

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் அந்த அக்காவைக் கண்டால் குழந்தைகள் வீட்டுக்குள் ஓடிவிடும். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். காலை ஐந்தரைக்கே நீலப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவார். சாப்பிட மறுக்கிற பிள்ளைகளிடம் எங்கள் தெருத் தாய்மார்கள், "ஊசிக்காரம்மாவ கூப்பிடட்டா?" என்று கேட்பார்கள். உடனே வாய் திறக்கும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. நானும் இங்கே சொல்லப் போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். அவரும் நாங்களும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தோம். முன்பக்கம் வீட்டுக்காரர் குடும்பமும் அவர்களுடைய இரண்டு தறிகளும். பின்பக்கம், கிணற்றை ஒட்டிய ஓர் அறையும் சமையல் செய்ய ஒரு தடுப்பும் அக்காவுக்கு. மாடியில் ஒற்றை அறை எங்களுக்கு. என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரங்களில் காலை எட்டரைக்கு வந்து படுத்தால் பிற்பகல் நாலு மணி வரை தூங்குவார். கீழே தறி ஓடுகிற சத்தத்தில் அவர் அசைய மாட்டார். நான் ஒரு கரண்டியைக் கீழே போட்டால் எழுந்துகொள்வார். அதனால் அந்த வாரங்களில் பகலெல்லாம் நான் மாடிப்படியில்தான் இருப்பேன். பட்டுப்புடவை முந்தானையின் நூல்களை முடிந்து குச்சு கட்டிக் கொடுப்பது என் வேலை. மடியில் ஒரு வெள்ளைத் துணி, அதன்மேல் புடவை, நிழல் நகர நகர நானும் ஒவ்வொரு படியாக நகர்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, வெயில்ல குந்திக்கினு இருக்க?"

"அவரு தூங்குறாருக்கா."

"அதுக்கு நீ காயணுமா? உள்ள வா. ஐஸ்கிரீம் பண்ணப் போறேன். கூட இரு."

நாங்கள் ஒரே வீட்டில் குடியேறி அதற்குள் ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரை நாங்கள் பேசியது, தண்ணீர் மோட்டாரைப் போடுவது பற்றி மட்டும்தான்.

அவரிடம் இருந்தவை ஓர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், அகலமான எவர்சில்வர் டப்பா ஒன்று, டீ வடிகட்டி, ஒரு முள்கரண்டி, கம்பிச் சுருள் வைத்த முட்டை அடிக்கும் கரண்டி. அவ்வளவுதான். ஒரு லிட்டர் பாலை அடி பிடிக்காமல் சுண்டக் காய்ச்சுவார். தனியே எடுத்துவைத்த கொஞ்சம் ஆறிய பாலில் ரெண்டு ஸ்பூன் சோளமாவைக் கரைத்து அதில் ஊற்றி, கெட்டியானதும் சர்க்கரை போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் போடுவார். வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் பாத்திரத்தை உட்கார வைத்து ஆறவிட்டு, டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பார். பிறகு செல்போனில் நாற்பது நிமிடத்துக்கு அலாரம். அது அடித்ததும் டப்பாவை எடுத்து, ஓரத்தில் உறைந்திருப்பதை முள்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளி, நன்றாக அடித்துத் திரும்ப வைப்பார். இப்படி நாலு தடவை.

"கலக்கலன்னா?" என்று கேட்டேன்.

"பால் பாறையாப் பூடும். தண்ணி தனியா ஊசி ஊசியா உறையும். வாயில வெச்சா மணல் மாதிரி நறநறங்கும். கலக்கக் கலக்கத்தான் அந்த ஊசியெல்லாம் பொடியாவும்."

அடித்து முடித்த பிறகு கெட்டிப்பட இன்னும் ஒரு மணி நேரம். ஆக, பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் நாலு மணிக்குத்தான் கிண்ணத்துக்கு வரும். நான் அதுவரை சுவரோரம் துவைத்த போர்வையின்மேல் உட்கார்ந்து குச்சு கட்டுவேன். பால் ஒரு சொட்டுப் பட்டாலும் புடவை போயிற்று என்று அவர் என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டார். அங்கிருந்தபடியே பேசுவார். யாருடைய ரத்தக்குழாய் கைக்கு அகப்படாமல் ஒளிந்துகொள்ளும், எந்த ஆண்பிள்ளை ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார், எந்த வீட்டில் நாய் அவருடைய பையை வாங்கிக்கொண்டு போய்க் கதவருகில் வைக்கும். தன் கதை மட்டும் வராது. ஓரிக்கைக்குப் பக்கத்தில் பிறந்தது, அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டது, மிஷன் பள்ளியில் படித்தது, இதெல்லாம் அங்கங்கே சிந்தி விழுந்ததில் நானாகச் சேர்த்துக்கொண்டவை. கல்யாணம் ஆகியிருந்தது. அந்த மனிதர் செய்யாறில் வேறு குடும்பமாக இருந்தார். "நல்லாத்தான் இருக்காரு. சுகர் கெடையாது" என்று ஒரு தடவை சொன்னார். அதைத் தவிர அவரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

தெருவில் நாற்பது தாண்டிய எல்லாருடைய சர்க்கரையும் அக்காவுக்கு மனப்பாடம். வீட்டுக்காரர் அறுபது வயதுக்காரர். நாலு மணிக்குச் சரியாகத் தறிக்குழியிலிருந்து ஏறி, கிணற்றடியில் கை கழுவுகிற மாதிரி வந்து நிற்பார்.

"எனக்கு இல்லியாமா?"

"ஒங்களுக்குப் போன மாசம் சாப்ட்டதுக்கப்புறம் இருநூத்தி எழுபதுண்ணா. ஒரு ஸ்பூன்."

"மெதுவா சொல்லுமா. ரிப்போர்ட்ட ஊருக்கே படிச்சிக்கினு இருக்க."

"இங்கயே நின்னு சாப்பிடுங்க. வாங்கிக்கினு போய் இன்னொரு ஸ்பூன் கேக்கக் கூடாது."

அவர் அந்த ஒரு ஸ்பூனைக் கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு ஐந்து நிமிடம் சாப்பிடுவார். அவர் மனைவி ஒருநாளும் சாப்பிட்டதில்லை. பல் கூசும் என்பார். மற்றொரு தடவை விரதம் என்பார். வெயில் காலத்தில் கடையிலிருந்து குச்சி ஐஸ் வாங்கி அவர் சாப்பிடுவதை நானும் பார்த்திருக்கிறேன், அக்காவும் பார்த்திருக்கிறார். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கிண்ணம் எடுத்து, "அக்கா, கொஞ்சம்?" என்று பின்வாசலில் நின்று கேட்பார். "இல்லமா, பல்லு" என்று பதில் வரும். அந்தக் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு அடுத்த பேச்சைத் தொடங்குவார். அடுத்த வாரமும் கேட்பார்.

குழந்தைகளும் வரவில்லை. ஐஸ்கிரீம் கொடுத்து உட்கார வைத்து ஊசி போட்டுவிடுவார் என்று ஒரு பையன் கிளப்பிவிட்டிருந்தான். அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார். "என் மொகரைய பாத்தா அப்டித்தான் தோணும் போல" என்றார்.

ஆகவே நான்தான். எனக்கு அது பெரிய சௌகரியம் என்பதால் வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. சில விஷயங்களை மட்டும் கவனித்தேன். நான் எழுந்திருக்கப் போகிறேன் என்று தெரிந்தால் அக்காவுக்கு ஒரு வேலை முளைக்கும். சீத்தாப்பழக் காலத்தில் ஒரு தட்டு நிறையப் பழத்தை என் முன்னால் வைத்து, "கொட்ட எடுத்துக் குடு, அத போட்டு அடிச்சா எப்படி இருக்குதுன்னு பாரு" என்பார். சீத்தாப்பழத்துக்குக் கொட்டை எடுப்பது சாமானிய வேலையில்லை. அது முடிந்தால், "இன்னும் ஒரு தடவ கலக்கணும். இருந்துட்டுப் போ."

ஒரு ஞாயிறு ரெண்டாவது தடவை கலக்கியபோதே என் கணவர் எழுந்துவிட்டார். மாடியிலிருந்து குரல் கேட்டது. நான் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். மறுநாள் மாலை அக்கா டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரே பாறை.

"இன்னாக்கா ஆச்சு?"

"நீ போனியா, நானும் மறந்துட்டேன்."

அலாரம் அடித்திருக்குமே என்று நான் கேட்கவில்லை. அப்போது தோன்றவும் இல்லை.

அந்த வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிறு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. நான் படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஐஸ்கிரீம் ஏது என்று இருந்தேன். அக்கா சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றிய ஐஸ் பாரோடு வந்து இறங்கினார். மீன் கடையில் வாங்கியதாம். ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்து மீன் வாடை.

"பாத்துக்கினே இருக்கியே, கை குடு."

சாக்கோடு வைத்து உலக்கையால் ஐஸை உடைத்தோம். பிளாஸ்டிக் பக்கெட்டில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு பிடி கல்லுப்பு, மறுபடி ஐஸ். நடுவில் பாலை ஊற்றி மூடிய அலுமினியத் தூக்கு. பக்கெட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து, தூக்கின் பிடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பினோம்.

"உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம் கரஞ்சிடாதாக்கா?"

"கரையும். ஆனா இன்னும் சில்லுனு ஆவும். லேப்ல தர்மாமீட்டர் போட்டுப் பாத்திருக்கேன். மைனஸ் பத்துக்குக் கீழ போச்சு. ஃப்ரிட்ஜெல்லாம் அப்பால வந்தது."

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் துடைத்து, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் திறந்து, ஓரத்தைச் சுரண்டிவிட்டோம். முக்கால் மணி நேரத்தில் தூக்கு திரும்ப மறுத்தது. எங்கள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. தறி எதுவும் ஓடவில்லை. புழுக்கம் தாங்காமல் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டதால் வீடே காலியாக இருந்தது. ஃப்ரீசர் ஓடாததால் அத்தனையும் உடனே சாப்பிட வேண்டும். ஒரு லிட்டர் பால் ஐஸ்கிரீமை ரெண்டு பேரும் தூக்கிலிருந்தே சாப்பிட்டோம். என் கை மரத்து ஸ்பூன் நழுவியபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. ஊசி போடுகிற கை அது. ஞாயிறு டப்பாவைக் கையில் எடுத்து அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். நான் அடிக்கிறேன் என்றால் விட மாட்டார். "பட்டு வெச்சிக்கினு இருக்கிற கை. நீ ஒக்காரு."

எனக்குப் பொறுக்கவில்லை. செல்போனில் தேடினேன். கலக்கவே வேண்டாத ஐஸ்கிரீம் ஒன்று இருந்தது. விப்பிங் க்ரீமைச் சின்ன மின்சார பீட்டரால் நுரைக்க அடித்து, கண்டென்ஸ்டு மில்க் டப்பா ஒன்றைக் கலந்து, மூடி வைத்துவிட வேண்டியதுதான். மறுநாள் எடுத்தால் ஐஸ்கிரீம். க்ரீமையும் டப்பாவையும் பீட்டரையும் வாங்கிக்கொண்டு அக்காவின் பிறந்தநாள் அன்று கீழே இறங்கினேன். பிறந்தநாளை அவருடைய அடையாள அட்டையில் பார்த்து வைத்திருந்தேன்.

அக்கா பீட்டர் இருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கா?" என்று ரெண்டு தடவை கேட்டார். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. டப்பாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா. இனிமே உங்க தோளுக்கு வேலையே இல்ல."

"அப்ப எப்ப எடுக்கணும்?"

"நாளைக்கு."

அவர் ஃப்ரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீயும் இனிமே காத்துக்கினு இருக்க வேணாம்" என்றார். நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஐஸ்கிரீம் மறுநாள் பஞ்சு மாதிரி இருந்தது. நானே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவரும் ஆமாம் என்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை செய்து வைத்து, ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும்முன் என் பங்கை டப்பாவில் போட்டு மாடிப்படியிலேயே கொடுத்துவிடுவார். நான் கழுவிய டப்பாவை மாலையில் அவர் ஜன்னலில் வைப்பேன். என் கணவருக்கும் அப்போது பகல் ஷிப்டாக மாறியிருந்தது. வெயிலில் படியில் உட்கார வேண்டிய தேவையில்லை. கொஞ்ச நாளில் அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஆள் இல்லையாம், இவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம். தோள் வலியோடு எதற்கு என்று வீட்டுக்காரர்தான் என்னிடம் அங்கலாய்த்தார். அவருக்கு ஸ்பூன் ஐஸ்கிரீமும் போயிற்று.

மூன்று மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் வந்த ஓர் அமாவாசை. தறிகளுக்கு விடுமுறை, தெருவே அமைதியாக இருந்தது. அக்காவுக்கும் அன்று லீவு என்பது தெரியாமல், டப்பாவை வைத்துவிட்டு வரலாம் என்று பின்பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, பழைய எவர்சில்வர் டப்பாவை ரெண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் அடித்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. பக்கத்தில் சுவரோரம் அந்தப் போர்வை விரித்திருந்தது. ரெண்டு கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"யாராச்சும் வராங்களாக்கா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இல்ல. சும்மா."

"மிஷினு இருக்குதேக்கா. எதுக்கு இந்தக் கையோட?"

அவர் அடிப்பதை நிறுத்தவில்லை. டப்பாவைப் பார்த்தபடியே சொன்னார்.

"மிஷின்ல பத்து நிமிஷம்மா. மீதி நாளை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

சீத்தாப்பழமும், பாறையாக உறைந்த பாலும், பின்வாசலில் கேட்டுக்கேட்டுத் திரும்பி வந்த கிண்ணமும் அந்த ஒரே நிமிடத்தில் எனக்குப் புரிந்தன. போய்ப் போர்வையில் உட்கார்ந்தேன்.

"நான் இருக்கேங்க்கா."

"ஒனக்கு வேல இருக்கும். போ."

"இல்லக்கா. இருக்கேன்."

இருந்தேன். ரெண்டு தடவை அலாரம் அடித்தது, ரெண்டு தடவை கலக்கினார். நாயைப் பற்றியோ மயங்கி விழுந்தவரைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. நானாகக் கேட்ட கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னார். கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றாக இருந்தது, க்ரீமில் செய்ததைவிட நன்றாகவே இருந்தது. அதைச் சொன்னேன். "சரி" என்றார். நாலு மணிக்கு நான் எழுந்தபோது, இருந்துட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறும் போனேன். வேலைக்குப் போயிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மாலையில் கிணற்றடியில் பார்க்கும்போது சிரிப்பார், தண்ணீர் வருகிறதா என்று கேட்பார். மிஷின் இருக்குதே என்று நான் அவரைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்காமலே உட்கார்ந்திருக்க வேண்டும். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதற்குள் என் கணவருக்கு வேலை நிரந்தரமாகி ஒரகடத்தில் ஃப்ளாட் பார்த்துவிட்டோம். சாமான் ஏற்றுகிற காலையில் அக்கா ரத்தம் எடுக்கப் போயிருந்தார். வீட்டுக்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

ரெண்டு தடவை போன் செய்தார். "ஒரு நாள் வாம்மா" என்றார். வரேங்க்கா என்றேன். குழந்தை பிறந்தது, அதன் காய்ச்சலும் தடுப்பூசியுமாக ஒரு வருடம் ஓடியது. போகவில்லை. பிறகு வீட்டுக்காரரிடமிருந்துதான் செய்தி தெரிந்தது. அக்கா வீட்டைக் காலி செய்து ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்துவிட்டார். ஃப்ரிட்ஜை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதியில் தங்கியிருக்கிறார்.

போன மாதம், குழந்தை என் மாமியாரோடு ஊருக்குப் போயிருந்த ஒருநாள், பால்கனியில் உட்கார்ந்து போன் செய்தேன். எடுத்த உடனே என் குரலைக் கண்டுகொண்டார். குழந்தையின் எடை, தடுப்பூசிகள், ஹீமோகுளோபின் எல்லாம் கேட்டார். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ பாடினார்கள், யாரோ அதட்டினார்கள், ஒரு பக்கெட் உருண்டது.

"எங்க இருக்கீங்க்கா, மார்க்கெட்லயா?"

"ரூம்லதாம்மா. ஒரு ரூம்ல நாலு கட்டில். எல்லாம் சின்னப் பொண்ணுங்க. வாய மூட மாட்டேங்குதுங்க. சோப்பு எங்க, பின்னு எங்க, எல்லாத்துக்கும் அக்கா, அக்கா. தலைவலியே வந்துடுது."

தலைவலி என்று சொன்ன குரலில் அத்தனை நிறைவு இருந்தது.

"தோள் எப்படிக்கா இருக்குது?"

"அதுங்களே தலை சீவி உட்டுடுதுங்க."

"ஐஸ்கிரீம் பண்றீங்களா?"

"எங்கம்மா நேரம்?" என்றார். அதற்குள் யாரோ அவர் பக்கத்தில் வந்து எதையோ கேட்டார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பதில் சொல்வது எனக்கு மங்கலாகக் கேட்டது. நான் காத்திருந்தேன். பிறகு திரும்பி வந்து, "கூப்பிடறாங்கம்மா, வெச்சிடட்டா?" என்று கேட்டார்.

"வையுங்க்கா" என்றேன்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். சந்தோஷப்பட்டேன். அப்புறம் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இனி பேச யாரைக் கூப்பிடலாம் என்று போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.